விற்காமல் வைத்தவை

ஆம்ஸ்டர்டாமில் உள்ள வான்கோ அருங்காட்சியகத்தில் 'நட்சத்திர இரவு' ஓவியம் இல்லை. அது நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரோன் நதியின் மேல் விண்மீன்கள் மின்னும் இன்னொரு இரவுக் காட்சி பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓவியர் உயிரோடிருந்தபோது விற்றதாக உறுதியாகச் சொல்லப்படும் 'சிவப்புத் திராட்சைத் தோட்டம்' மாஸ்கோவுக்குப் போய்விட்டது. இவையெல்லாம் எனக்கு முன்பே தெரியும். ஆயினும் ஒரே ஓவியருக்காகக் கட்டப்பட்ட ஒரு கட்டடத்துக்குள் போகும்போது, அவருடைய மிகப் புகழ்பெற்ற ஓவியம் அங்கே இல்லையே என்ற குறை மனத்தின் ஓரத்தில் இருக்கத்தான் செய்தது. மூன்றாம் மாடிக்கு ஏறி முடிப்பதற்குள் அந்தக் குறை நீங்கி, அதற்கு நேர்மாறான ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. இங்கே இருப்பவை ஏன் இங்கே இருக்கின்றன? யார் இவற்றை விற்காமல் வைத்திருந்தார்கள்? அந்தக் கேள்வியைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

நகரின் அருங்காட்சியகச் சதுக்கத்தில், ரெம்பிராண்ட்டின் பெரும் ஓவியங்களை வைத்திருக்கும் ரைக்ஸ் அருங்காட்சியகத்துக்குச் சற்றுத் தள்ளி, பெரிய புல்வெளியின் ஓரத்தில் இந்தக் கட்டடம் நிற்கிறது. மூலக் கட்டடத்தின் வரைபடத்தை உருவாக்கியவர் டச்சுக் கட்டடக் கலைஞர் கெரிட் ரீட்வெல்ட். அவர் 1964இல் இறந்துவிட, அவருடைய கூட்டாளிகள் பணியை முடித்தார்கள். 1973இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா வடிவமைத்த கண்காட்சிப் பகுதி 1999இலும், இன்று எல்லோரும் உள்ளே நுழையும் கண்ணாடி மண்டபம் 2015இலும் சேர்க்கப்பட்டன. நுழைவுச்சீட்டை இணையத்தில் நேரம் குறித்து முன்பதிவு செய்துகொண்டு போக வேண்டும். மார்ச் மாதத்து வார நாள் ஒன்றில், காலையின் முதல் நேரத்துக்கே நான் பதிவு செய்திருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. கண்ணாடி மண்டபத்தின் படிகளில் இறங்கி, குடையையும் பையையும் ஒப்படைத்துவிட்டு, ரீட்வெல்ட்டின் கட்டடத்துக்குள் வந்தபோது, நடுவில் மேல்தளம் வரை திறந்திருந்த வெளியில் கூரையிலிருந்து வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. கூடங்களில் படம் எடுக்க அனுமதி இல்லை. எடுத்த எடுப்பில் அது ஏமாற்றமாக இருந்தாலும், கையில் வேலை இல்லாதபோது கண் எவ்வளவு நேரம் ஓரிடத்தில் நிற்கும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

தமிழில் 'வான்கோ' என்று எழுதிப் பழகியிருக்கிறோம். டச்சுக்காரர்கள் சொல்லும்போது முதல் எழுத்து 'ஃபா'வுக்கு நெருங்கியும், பெயரின் முடிவு தொண்டையிலிருந்து கரகரத்தும் வருகிறது. பிரான்சில் இருந்தவர்களாலும் அந்தப் பெயரைச் சொல்ல முடியவில்லை. ஆகவே, தான் ஓவியத்தில் கையெழுத்திடுவதைப் போலவே கண்காட்சிப் பட்டியலிலும் 'வின்சென்ட்' என்று மட்டும் போட வேண்டும் என்று அவர் தம்பி தியோவுக்கு எழுதினார். நானும் இங்கே அவரை வின்சென்ட் என்றே குறிப்பிடுகிறேன். இந்தக் கதையில் வான்கோ என்ற பெயருடையவர்கள் பலர் வருகிறார்கள் என்பது அதற்கு இன்னொரு காரணம்.

கீழ்த்தளத்தில் அவருடைய சுய உருவ ஓவியங்கள் இருக்கின்றன. அவர் வரைந்த முப்பத்தைந்து சுய உருவங்களில் பெரும்பாலானவை 1886 முதல் 1888 வரை பாரிஸில் இருந்த காலத்தில் வரையப்பட்டவை. முன்னால் உட்கார ஆள் வைக்கப் பணம் இல்லாததால் ஒரு நல்ல கண்ணாடியை வாங்கித் தன் முகத்தையே வரைந்தார். சாம்பல்நிறத் தொப்பி அணிந்த 1887ஆம் ஆண்டு ஓவியத்தின் அருகே போய் நின்றால், தூரிகைக் கோடுகள் முகத்தின் மேடு பள்ளங்களைப் பின்பற்றி ஓடி, தலையைச் சுற்றிப் பின்னணியில் வளைந்து வளைந்து பரவுவது தெரிகிறது. ஒவ்வொரு கோடும் தனியே எண்ணும்படி இருக்கிறது. தாடியின் சிவப்புக் கோடுகளுக்கு இடையே பச்சைக் கோடுகள் இருக்கின்றன. அச்சில் எத்தனையோ முறை பார்த்த முகம்தான் இது. ஆனால் வண்ணத்தின் தடிப்பு அச்சில் வருவதே இல்லை.

முதல் மாடியில் 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' ஓவியத்தின் முன்னால்தான் நான் முதன்முதலாக நெடுநேரம் நின்றேன். 1885ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் நூனென் என்ற கிராமத்தில், வின்சென்ட் தன்னை ஓர் ஓவியன் என்று நிரூபித்துக்கொள்ள வரைந்த ஓவியம் அது. கலை வணிக நிறுவனத்தில் வேலை பார்த்து, அங்கிருந்து நீக்கப்பட்டு, பெல்ஜியத்தின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் ஊழியக்காரராக இருந்து, அதுவும் நிலைக்காமல், 27ஆம் வயதில்தான் அவர் ஓவியத்துக்கு வந்தார். வந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது. குளிர்காலம் முழுவதும் விவசாயிகளின் தலைகளையும் கைகளையும் தனித்தனியாக வரைந்து வரைந்து பழகிய பிறகே இந்த ஓவியத்தைத் தொடங்கினார். தொங்கும் ஒற்றை விளக்கின் கீழே ஐந்து பேர். ஒரே தட்டிலிருந்து கிழங்கை எடுக்கிறார்கள். வலது ஓரத்தில் ஒரு மூதாட்டி காபி ஊற்றுகிறாள். நமக்கு முதுகு காட்டி நிற்கும் சிறுமியின் முன்னால் கிழங்கின் ஆவி எழுந்து, அவளைச் சுற்றி மங்கலான ஓர் ஒளிக்கோட்டை வரைகிறது. தோல் உரிக்காத, மண் ஒட்டிய உருளைக்கிழங்கின் நிறத்தில் அவர்களை வரைந்ததாகவும், தட்டில் நீட்டும் அதே கைகளால்தான் அவர்கள் நிலத்தைக் கிண்டினார்கள் என்பது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்ததாகவும் அவர் தம்பிக்கு எழுதினார்.

அந்தக் கைகளைக் கிட்டத்தில் பார்த்தேன். விரல் மூட்டுகள் வேர்முண்டுகளைப் போலப் புடைத்திருக்கின்றன. உடற்கூற்று அளவுகளின்படி பார்த்தால் பல இடங்களில் பிழை இருக்கிறது. இதன் கல்லச்சுப் பிரதியைப் பார்த்த நண்பரான ஓவியர் ஃபான் ராப்பார்ட் அதைக் கடுமையாகச் சாடி எழுத, அந்த நட்பே முறிந்துபோனது. ஆனால் இரண்டு ஆண்டுகள் கழித்துப் பாரிஸிலிருந்து தங்கைக்கு எழுதும்போதும், தான் செய்தவற்றில் நூனெனில் வரைந்த அந்த உருளைக்கிழங்கு உண்ணும் விவசாயிகளின் படமே சிறந்தது என்று வின்சென்ட் சொல்கிறார். அந்த ஓவியத்தை ஒரு பொன்னிறச் சட்டத்திலோ, முற்றிய கோதுமையின் ஆழ்ந்த நிறம் பூசிய சுவரிலோ மாட்ட வேண்டும் என்றும் அவர் விரும்பினார். இருட்டான அந்தச் சமையலறை அருகிலுள்ள பொன்னொளியை வாங்கிக்கொண்டால்தான் உயிர் பெறும் என்பது அவர் கணக்கு. என்னைப் பொறுத்தவரை, பின்னால் வந்த மஞ்சளும் நீலமும் எங்கிருந்து வந்தன என்பதற்கான விடை அந்தக் கணக்கில் ஏற்கெனவே இருக்கிறது. நிறம் தனியாக நிற்பதில்லை என்பதை இருட்டில் இருந்தபோதே அவர் அறிந்திருந்தார்.

இதை இன்னும் துலக்கமாகக் காட்டும் ஒரு சிறு பொருள் இந்த அருங்காட்சியகத்திடம் இருக்கிறது. சிவப்பு அரக்கு பூசிய ஒரு பெட்டி. அதற்குள் கம்பளி நூல் உருண்டைகள். ஒவ்வோர் உருண்டையிலும் இரண்டு மூன்று நிற நூல்கள் சேர்த்துச் சுற்றப்பட்டிருக்கின்றன. எந்த நிறத்தின் அருகில் எந்த நிறத்தை வைத்தால் என்ன ஆகும் என்பதை, விலை உயர்ந்த வண்ணத்தை வீணாக்காமல் நூலைச் சுற்றிப் பார்த்தே அவர் தெரிந்துகொண்டார். பித்துப் பிடித்த வேகத்தில் வண்ணத்தை அள்ளி வீசியவர் என்று அவரைப் பற்றி எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். அந்த நூலுருண்டைகள் உறுதியாக அதை மறுக்கின்றன. சட்டையில் பொத்தான் தைப்பவரின் பொறுமையோடு உட்கார்ந்து ஒருவர் அவற்றைச் சுற்றியிருக்கிறார்.

பாரிஸ் ஆண்டுகளில் அவரும் தியோவும் நூற்றுக்கணக்கான ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுப்படங்களைச் சேர்த்தார்கள். அந்தத் தொகுப்பும் இன்று இந்த அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. ஹிரோஷிகேயின் மழைப்பாலத்தையும் பூத்த பிளம் மரத்தோட்டத்தையும் வின்சென்ட் 1887இல் தைலவண்ணத்தில் பிரதி எடுத்தவை அருகருகே இருக்கின்றன. மலிவாகக் கிடைத்த அச்சுப்படங்கள் அவை. அவற்றைச் சுவரில் ஒட்டிவைத்து அன்றாடம் பார்த்துக்கொண்டிருந்தார். அருங்காட்சியகத்தின் கடையில் குடையிலும் கண்ணாடிக்கூட்டிலும் அவருடைய பூக்கள் அச்சிடப்பட்டிருப்பதைப் பார்த்துக் கலை மலிந்துவிட்டதாக வருந்துகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. மலிவான அச்சுப்படத்தைச் சுவரில் மாட்டிக்கொண்டு அதிலிருந்தே பார்க்கக் கற்றவர் வின்சென்ட். சாதாரண மக்களின் வீடுகளில் தன் படங்கள் தொங்க வேண்டும் என்ற ஆசையும் அவரிடம் இருந்தது.

பிரான்சின் தெற்கே ஆர்ல் நகரத்தில் வரைந்தவை இருக்கும் பகுதியில்தான் கூட்டம் அடர்ந்திருக்கிறது. 'படுக்கையறை'யின் முன்னால் என் முறை வரும்வரை பின்னால் நின்றேன். 1888 அக்டோபரில், அங்கே வாடகைக்கு எடுத்திருந்த மஞ்சள் வீட்டில் தன் அறையை அவர் வரைந்து, சுவர்கள் வெளிர் ஊதா, கதவுகள் இளம் ஊதா, கட்டிலும் நாற்காலிகளும் புது வெண்ணெயின் மஞ்சள், போர்வை செஞ்சிவப்பு, சன்னல் பச்சை என்று ஒவ்வொன்றாகத் தம்பிக்கு எழுதினார். பார்த்தாலே மூளைக்கு ஓய்வு கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். இன்று அந்தச் சுவர்கள் நீலமாக இருக்கின்றன. ஊதாவுக்காக நீலத்தோடு அவர் கலந்த சிவப்பு நிறமி ஒளி பட்டு வெளுத்துப்போக, நீலம் மட்டும் தங்கிவிட்டது. மாடியில் இருக்கும் 1890ஆம் ஆண்டு 'ஐரிஸ் மலர்க'ளுக்கும் இதே கதிதான்: எலுமிச்சை மஞ்சள் பின்னணிக்கு எதிராக ஊதாக் கொத்து ஒன்று துள்ளி நிற்கும்படி வரைந்ததை இன்று நாம் மஞ்சளுக்கு எதிரான நீலமாகப் பார்க்கிறோம். ஊதாவும் மஞ்சளும் ஒன்றையொன்று தூக்கி நிறுத்தும் எதிர்நிறங்கள். நூலுருண்டைகளைச் சுற்றியவருக்கு அந்த ஊதா எவ்வளவு அவசியமாக இருந்திருக்கும் என்று நினைக்கும்போது மனம் கனத்தது. அவர் பார்த்த படுக்கையறையை இனி யாரும் பார்க்க முடியாது.

அந்த ஓவியம் இன்னொரு விபத்திலிருந்தும் தப்பியது. வின்சென்ட் மருத்துவமனையில் இருந்தபோது நதி பெருகி, பூட்டிக் கிடந்த வீட்டில் ஈரம் ஏறி, வண்ணம் உரியத் தொடங்கியது. உரியும் இடங்களில் செய்தித்தாளை ஒட்டி அதைத் தியோவுக்கு அனுப்பினார். பழுது பார்ப்பதற்கு முன் ஒரு பிரதி எடுத்துக்கொள்வது நல்லது என்று தியோ சொன்னதால் அவர் எடுத்த பிரதி இன்று சிகாகோவில் இருக்கிறது. தாய்க்கும் தங்கைக்கும் என்று சிறிய அளவில் செய்த மூன்றாவது பாரிஸில் இருக்கிறது. ஈரம் பட்ட முதல் ஓவியம்தான் ஆம்ஸ்டர்டாமில் இருப்பது.

பக்கத்தில் 'சூரியகாந்திகள்'. லண்டனில் இருக்கும் 1888 ஆகஸ்ட் ஓவியத்தைப் பார்த்து அவரே 1889 ஜனவரியில் மீண்டும் வரைந்தது. மேல்பகுதியில் பூவுக்கு இடம் போதாமல் ஒரு மெல்லிய மரப்பட்டையை விளிம்பில் அடித்து, அதன் மேலும் வண்ணம் பூசியிருக்கிறார். இதிலும் குரோம் மஞ்சள் பழுத்துப் பழுப்பேறிக்கொண்டிருக்கிறது. தடித்த வண்ணம் அதிர்வைத் தாங்காது என்று ஆய்வில் தெரிந்ததால், 2019இல் இந்த ஓவியத்தை இனி எங்கும் இரவல் அனுப்புவதில்லை என்று அருங்காட்சியகம் முடிவெடுத்தது. காது அறுபட்ட 1888 டிசம்பர் இரவைப் பற்றிக் கேள்விப்படாமல் இந்தக் கூடத்துக்கு வருபவர் யாரும் இருக்க மாட்டார்கள். அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அந்த ஓர் இரவு மற்றப் பத்தாண்டுகளையும் மறைத்துக்கொண்டு நின்றது போதும் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் மாடியில் கூட்டம் குறைந்துவிடுகிறது. கடிதங்களும் குடும்பமும் அங்கேதான் இருக்கின்றன. என் கேள்விக்கான விடையும் அங்கேதான் இருந்தது.

வின்சென்ட் எழுதி நமக்குக் கிடைத்திருக்கும் கடிதங்கள் 820. அவற்றில் 650க்கும் மேற்பட்டவை தியோவுக்கு எழுதியவை. பாரிஸில் கலை வணிக நிறுவனம் ஒன்றின் கிளையை நடத்திவந்த தியோ மாதந்தோறும் அனுப்பிய பணத்திலும், பொட்டலமாக அனுப்பிய வண்ணக்குழாய்களிலும் கித்தானிலும்தான் அண்ணனின் ஓவிய வாழ்க்கை நடந்தது. பதிலுக்கு ஓவியங்கள் தம்பிக்கு வந்துகொண்டிருந்தன. 1889 ஏப்ரலில் தியோ ஜோஹன்னா போங்கரை மணந்தார். எல்லோரும் அவரை ஜோ என்றே அழைத்தார்கள். பாரிஸில் தங்கள் வீட்டுக்குள் முதன்முதலாக நுழைந்தபோது மேசையின் அடி இழுப்பறை நிறைய வின்சென்ட்டின் கடிதங்கள் இருந்ததையும், வாரந்தோறும் மஞ்சள் உறைகள் வந்து சேர்ந்ததையும் ஜோ பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். உணவறையில் கணப்பின் மேல் 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்', கூடத்தில் ஆர்ல் அறுவடை நிலம், படுக்கையறையில் பூத்த பழத்தோட்டங்கள். கட்டிலுக்கு அடியிலும் சோபாவுக்கு அடியிலும் சட்டமிடாத கித்தான்கள் அடுக்கிக் கிடந்தன. வீட்டைப் பெருக்க வந்த பெண் என்ன நினைத்திருப்பாள் என்று எண்ணிப் பார்த்தேன்.

1890 ஜூலை 29 அன்று வின்சென்ட் இறந்தார். அவருக்கு வயது 37. ஆறு மாதம் கழித்து, 1891 ஜனவரி 25 அன்று, நோயுற்று நிலைகுலைந்திருந்த தியோவும் 33ஆம் வயதில் இறந்தார். ஜோவுக்கு அப்போது வயது 28. கையில் இன்னும் ஒரு வயது நிறையாத ஆண் குழந்தை. சொத்தாக வந்தவை, ஏறக்குறைய யாரும் வாங்க முன்வராத சுமார் 400 ஓவியங்களும், நூற்றுக்கணக்கான கோட்டோவியங்களும், ஓர் இழுப்பறைக் கடிதங்களும்.

அவர் நெதர்லாந்துக்குத் திரும்பி, புஸ்ஸும் என்ற ஊரில் தங்கும் விடுதி ஒன்றை நடத்திப் பிழைத்தார். ஓவியங்களைச் சுவர்களில் மாட்டினார். குழந்தை தூங்கிய பிறகு கடிதங்களைப் படித்தார். ஆங்கில ஆசிரியராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்த அந்தப் பெண்ணுக்கு ஓவியச் சந்தையில் எந்தப் பயிற்சியும் இல்லை. ஆனால் படிப்படியாக அவர் செய்தது வியக்க வைக்கிறது. விற்பதையும் வைத்துக்கொள்வதையும் ஒரே நேரத்தில் செய்தார். கண்காட்சிக்கு ஓவியங்களை அனுப்பும்போது மற்றவற்றைப் பார்வைக்கு வைத்து ஆவலைத் தூண்டிவிட்டு, தான் தீர்மானித்தவற்றை மட்டும் விற்றார். விற்ற ஒவ்வொன்றையும் வீட்டுக் கணக்கு நோட்டில் குறித்துவைத்தார். அந்த நோட்டும் இன்று அருங்காட்சியகத்தின் சொத்து. 1905இல் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் அருங்காட்சியகக் கூடங்களைத் தன் சொந்தச் செலவில் வாடகைக்கு எடுத்து, நானூற்றுக்கும் மேற்பட்ட படைப்புகளைக் காட்சிக்கு வைத்தார். இந்தக் கட்டடத்திலிருந்து வெளியே வந்தால் அடுத்த கட்டடம் அதுதான்.

கடிதங்களை மட்டும் அவர் 1914 வரை நூலாக வெளியிடவில்லை. ஓவியரின் படைப்பு தகுந்த மதிப்பைப் பெறுவதற்கு முன்பாக அவருடைய வாழ்க்கையின் மீது ஆர்வத்தைக் கிளப்பிவிடுவது இறந்தவருக்குச் செய்யும் அநீதி என்று அவர் அந்த நூலின் முன்னுரையில் எழுதினார். 24 ஆண்டுகள் காத்திருந்தார். அந்தப் பத்தியைக் கண்ணாடிப் பேழைகளுக்கு நடுவே நின்று மனத்தில் ஓடவிட்டபோது, கீழ்த்தளங்களில் நான் பார்த்த ஒவ்வொன்றும் வேறு ஒருவருடைய முடிவாகவும் தெரியத் தொடங்கியது. அதே ஆண்டில் தியோவின் எச்சங்களைப் பிரான்சின் ஓவேர் கிராமத்துக்குக் கொண்டுபோய் அண்ணனின் பக்கத்தில் அடக்கம் செய்தார். 1924இல் லண்டன் நேஷனல் கேலரி 'சூரியகாந்திகள்' வேண்டும் என்று கேட்டபோது முதலில் மறுத்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அன்றாடம் பார்த்துவந்த அந்த ஓவியத்தைப் பிரிய அவரால் முடியவில்லை. பிறகு, வின்சென்ட்டின் பெருமைக்காகச் செய்யும் தியாகம் என்று சொல்லிக் கொடுத்தார். மறு ஆண்டே அவர் இறந்தார். 'நட்சத்திர இரவு' இங்கே இல்லாததற்கும், உலகம் முழுவதும் வின்சென்ட்டின் பெயர் தெரிந்திருப்பதற்கும் காரணம் ஒன்றுதான். ஜோ சிலவற்றை வெளியே அனுப்பினார், சிலவற்றை அனுப்பவில்லை. அவர் அனுப்பாதவற்றின் மிச்சம்தான் இந்த அருங்காட்சியகம்.

இப்படிக் காக்கப்பட்டவற்றைத் திருடர்களும் விட்டுவைக்கவில்லை. 1991இல் ஓர் இரவில் 20 ஓவியங்கள் திருடப்பட்டு, ஒரு மணி நேரத்துக்குள் கைவிடப்பட்ட காரிலிருந்து மீட்கப்பட்டன. 2002 டிசம்பரில் ஏணி வைத்துக் கூரைக்கு ஏறியவர்கள் இரண்டு சிறிய ஓவியங்களைக் கொண்டுபோனார்கள். அவை 14 ஆண்டுகள் கழித்து 2016இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகருக்கு அருகே ஒரு வீட்டில் கண்டெடுக்கப்பட்டன. அவற்றில் ஒன்று 1882இல் ஸ்கெவெனிங்கன் கடற்கரையில் புயல்காற்றில் நின்று வரைந்த கடல் காட்சி. காற்றில் பறந்துவந்த மணல் ஈரவண்ணத்தில் படிந்துவிட்டதால் அவர் அதைச் சுரண்டி மீண்டும் வரைந்தார். அப்படியும் சில மணல்துகள்கள் இன்றும் அந்த வண்ணத்துக்குள் இருக்கின்றன. மீட்கப்பட்ட ஓவியத்தின் ஒரு மூலையில் வண்ணம் உடைந்திருந்தது. மணல் போகவில்லை.

மூன்றாம் மாடியில் 'வாதுமைப் பூக்கள்' இருக்கிறது. நாம் பாதாம் என்று சொல்லும் மரம்தான். மலர்ந்த கிளைகளைக் கீழிருந்து அண்ணாந்து பார்ப்பதுபோல, நிலமோ அடிமரமோ தெரியாமல், நீல வானத்தின் மேல் மட்டும் வரைந்திருக்கிறார். மொட்டுகளில் மெல்லிய சிவப்பு. கிளைகளின் விளிம்பில் ஜப்பானிய அச்சுப்படங்களில் வருவது போன்ற கறுத்த கோடு. அருகே நின்று பார்த்தால், கிளைகளுக்கு இடையில் உள்ள நீலம் ஒரே பூச்சாக இல்லை. ஒவ்வொரு சிறு இடைவெளியையும் தனித்தனியாக, கிளையின் வளைவுக்கு ஏற்பத் தூரிகையைத் திருப்பித் திருப்பி நிரப்பியிருப்பது தெரிகிறது. எத்தனை சிறு வானங்கள் என்று எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன்.

1890 ஜனவரி 31 அன்று ஜோவுக்குக் குழந்தை பிறந்தது. உங்கள் பெயரையே வைக்கப்போகிறோம், உங்களைப் போலவே மனவுறுதியும் துணிவும் உள்ளவனாக அவன் இருக்க வேண்டும் என்று தியோ அண்ணனுக்கு எழுதினார். வின்சென்ட் அப்போது சான்-ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்தார். தன் பெயரைவிடத் தந்தையின் பெயரை வைத்திருக்கலாம் என்று தாய்க்கு எழுதிய அதே கடிதத்தில், அவர்களுடைய படுக்கையறையில் மாட்டுவதற்காக, நீல வானத்தின் முன்னால் வெள்ளை வாதுமைப் பூக்களின் பெரிய கிளைகளை வரையத் தொடங்கிவிட்டதாகவும் சொன்னார். இதுவரை செய்தவற்றில் மிகப் பொறுமையாகவும் அமைதியாகவும் கை நடுங்காமலும் செய்தது அதுதான் என்று பின்னர் அவர் எழுதினார். அதை முடித்த உடனேயே நோய் மீண்டும் தாக்கியது. எழுந்து வந்தபோது பூக்காலம் முடிந்துவிட்டிருந்தது.

அந்த ஓவியத்துக்குப் பிறகு அவருக்கு இருந்தவை ஐந்து மாதங்கள். மே மாதத்தில் பாரிஸுக்கு வந்து சில நாட்கள் தங்கியபோது, அண்ணனும் தம்பியும் தொட்டிலில் தூங்கும் குழந்தையைப் பேச்சின்றிப் பார்த்துக்கொண்டிருந்ததையும், இருவர் கண்ணிலும் நீர் நிறைந்திருந்ததையும் ஜோ எழுதியிருக்கிறார். பிறகு வின்சென்ட் திரும்பிச் சிரித்துக்கொண்டே, குழந்தையை லேஸ் துணியால் இவ்வளவு மூடாதே தங்கையே என்றாராம். அங்கிருந்து போய்த் தங்கிய ஓவேரில் அவர் வரைந்தவை மாடியின் கடைசிச் சுவர்களில் இருக்கின்றன. ஒரு மீட்டர் அகலமும் அதில் பாதி உயரமும் கொண்ட நீண்ட கித்தான்கள். 'கோதுமை வயலும் காகங்களும்' அவருடைய கடைசி ஓவியம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அதன் கருநீல வானமும் திக்கற்று முடியும் பாதையும் அந்த நம்பிக்கைக்குத் தோதாக இருந்தன. உண்மையில் அவர் கடைசியாக வரைந்துகொண்டிருந்தது அருகில் இருக்கும் 'மர வேர்கள்'. சரிவான மண்ணிலிருந்து புடைத்து நிற்கும் நீல வேர்கள், பச்சைத் தளிர்கள், இன்னும் பூசி முடிக்காத ஓரங்கள். அந்த வேர்கள் நின்ற இடத்தை 2020இல் ஒரு பழைய அஞ்சலட்டையின் துணையோடு ஓவேரில் ஓர் ஆய்வாளர் அடையாளம் கண்டார். வின்சென்ட் தங்கியிருந்த விடுதியிலிருந்து நடந்து போகும் தூரம்தான். காகங்களின் ஓவியத்தை முடிவாக வைத்துச் சொல்லப்படும் கதையைவிட இந்த முடிக்கப்படாத வேர்கள்தான் எனக்கு நம்பத் தகுந்தவையாகத் தெரிந்தன. காலையில் கித்தானின் முன்னால் நின்று பச்சையைக் கலந்துகொண்டிருந்த ஒரு மனிதர் அதில் இருக்கிறார்.

தொட்டிலில் கிடந்த குழந்தை வளர்ந்து பொறியாளரானார். பெயர் வின்சென்ட் வில்லெம் வான்கோ. குடும்பத்தில் அவரைப் 'பொறியாளர்' என்றே குறிப்பிட்டார்கள். தாய் இறந்த பிறகு தொகுப்பு அவர் கைக்கு வந்தது. அதன் பின் அதிலிருந்து விற்பதை ஏறக்குறைய முழுவதுமாக நிறுத்திவிட்டார். பல ஆண்டுகள் ஸ்டெடலிக்கில் இரவலாக வைத்தார். 1962இல், அரசு அருங்காட்சியகம் ஒன்றைக் கட்டித்தருவது என்ற ஏற்பாட்டோடு, 200க்கும் மேற்பட்ட ஓவியங்களையும் கோட்டோவியங்களையும் கடிதங்களையும் ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். அதற்காக அரசு கொடுத்த தொகை, தனித்தனியே விற்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதோடு ஒப்பிட மிகச் சிறியது. 1973இல் கதவுகள் திறந்தபோது அவருக்கு வயது 83. ஐந்து ஆண்டுகள் கழித்து இறந்தார். 'வாதுமைப் பூக்க'ளை அவரும் விற்கவில்லை. அவருடைய தாயும் விற்கவில்லை.

வெளியேறும் முன் மறுபடியும் அந்த ஓவியத்தின் முன்னால் போய் நின்றேன். மதியக் கூட்டம் வந்துவிட்டிருந்தது. தோள்களுக்கு மேலாகத்தான் பார்க்க முடிந்தது. 1890 ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றில் தியோவும் ஜோவும் குழந்தையோடு ஓவேருக்கு ஒரு நாள் போயிருந்தார்கள். வின்சென்ட் ரயில் நிலையத்துக்கு வந்து காத்திருந்தார். தன் பெயர் கொண்ட குழந்தைக்கு விளையாடக் கொடுப்பதற்காக, அவர் கையில் ஒரு பறவைக்கூடு இருந்தது.